பீப் அடிக்காத கணினி

எங்கள் ஒலிப்பதிவு நிலையத்தில் அவரைச் சத்தக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். வயது ஐம்பத்திரண்டு. ஆள் பேசுவதே அபூர்வம். காலையில் வந்ததும் தலையை ஆட்டுவார், சாயங்காலம் "வரேன்" என்பார், நடுவில் முழுக்க அவர் கைதான் பேசும். கதையில் மழை வேண்டுமென்றால் தகரத் தட்டில் கல் உப்பைச் சரித்துவிடுவார். பறவை பறக்க வேண்டுமென்றால் ஒரு ஜோடி தோல் கையுறையை உதறுவார். புல்லில் யாராவது நடந்தால், அது பழைய கேசட் நாடாக் குவியலில் சத்தக்காவின் வலது கை நடப்பதுதான். எலும்பு முறிவதற்கு, ஈரத் துண்டில் சுற்றிய முள்ளங்கி.

முள்ளங்கி வாங்க அவரே கடைக்குப் போவார். ஒவ்வொன்றாக எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஒடித்துப் பார்ப்பார். "யம்மா, இது காய்கறிக் கடையா, இல்ல இசைக் கடையா?" என்று கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். ஒருமுறை அந்த முள்ளங்கி போட்ட காட்சியைக் கேட்டுவிட்டு ஒரு டாக்டர் எங்களுக்குக் கோபமாகக் கடிதம் எழுதினார். எந்த மருத்துவமனையில் இந்த எலும்பு முறிவைப் பதிவு செய்தீர்கள், அந்த நோயாளி சம்மதித்தாரா என்று கேட்டிருந்தார். சத்தக்கா அந்தக் கடிதத்தைத் தன் அறைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறார்.

அவர் இங்கே வேலைக்கு வந்தது தட்டச்சு செய்ய. இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் ஒரு நாடகப் பதிவின்போது, ஒலி விளைவு செய்கிறவர் இயக்குநரோடு சண்டை போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். கதாநாயகன் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேற வேண்டிய கட்டம். நடிகர் வசனம் சொல்லி முடித்துவிட்டார், கதவைக் காணோம். மூலையில் உட்கார்ந்திருந்த இந்த அம்மாள் தட்டச்சு இயந்திரத்தின் மூடியைப் பட்டென்று சாத்தினார். பிறகு எதையோ திருகினார், பூட்டும் விழுந்தது. மறுநாளிலிருந்து அந்த இயந்திரத்தை அவர் எழுதுவதற்குத் தொட்டதே இல்லை.

நான் அங்கே ஒலித்தொடர்களுக்கு எழுதுகிறவன். என் எழுத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் உண்டு. மற்றவர்களுக்கும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதுதான் என்னிடம் உள்ள கோளாறு. கோபமும் கொஞ்சம் மூக்குக்கு மேல் வரும்.

அதனால்தான் இயக்குநர் என்னைக் கூப்பிட்டு, "குவாண்டம் கம்ப்யூட்டரோட வரலாறு. பன்னெண்டு பாகம். பஸ்ல போறவங்க காதுல மாட்டிக்கிட்டுக் கேக்கணும்" என்றபோது எனக்குச் சுருக்கென்றது. பார்க்கவே முடியாத ஒன்றைப் பற்றிக் காதுக்கு என்ன சொல்வது? ஆனால் படிக்கப் படிக்க, கதை என்னைப் பிடித்துக்கொண்டது. எண்பத்தொன்றாம் ஆண்டு ஓர் இயற்பியல் அறிஞர் ஒரு கூட்டத்தில், இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கும்போது அதைக் கணக்குப் போடுகிற இயந்திரமும் அப்படியே நடந்தால் என்ன என்று கேட்கிறார். பதின்மூன்று வருடம் கழித்து இன்னொருவர், அப்படி ஓர் இயந்திரம் வந்தால் உலகத்தின் ரகசியப் பூட்டுகளில் பலவற்றை உடைத்துவிடலாம் என்று காகிதத்திலேயே நிரூபிக்கிறார். பூட்டை உடைக்கும் வழி கிடைத்துவிட்டது, உடைக்கிற கைதான் இன்னும் பிறக்கவில்லை. இரண்டாயிரத்து ஒன்றில் ஏழே பிட் கொண்ட ஒரு சின்ன இயந்திரம் பதினைந்து என்ற எண்ணை மூன்று, ஐந்து என்று பிரித்துக் காட்டியது. உலகமே கைதட்டியது. எங்கள் கேன்டீன் அக்காவிடம் இதைச் சொன்னேன். "இதுக்கு எதுக்குப்பா மெஷின்? என் பொண்ணு நாலாங்கிளாஸ்தான் படிக்கிறா, அவளக் கூப்பிட்டிருக்கலாமே" என்றார்.

இந்தத் தொடருக்கு உயிர் கொடுத்தது ஒரு பேராசிரியர் அம்மா. முப்பது வருடம் இந்த இயந்திரத்தைக் கட்டுவதிலேயே கழித்து, ஓய்வு பெற்று ஏழு வருடம் ஆனவர். எங்கள் பதிவறையில் உட்கார்ந்து ஒன்பது மணி நேரம் பேசிக் கொடுத்தார். சாதாரணக் கணினியின் பிட் பூஜ்யமாக இருக்கும், இல்லையென்றால் ஒன்றாக இருக்கும். இதன் பிட் இரண்டும் கலந்த நிலையிலும் இருக்கும். லேசாகச் சூடு பட்டால், அதிர்ந்தால், அந்தக் கலவை கலைந்துவிடும். அதனால்தான் அதை விண்வெளியைவிடக் குளிரான ஒரு பெட்டிக்குள் தொங்கவிடுகிறார்கள். இதையெல்லாம் அவர் வீட்டுக் கதை போலச் சொன்னார். அவர் குரலை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது என் எழுத்து மட்டும்தான். அதை நானே உட்கார்ந்து கேட்க மாட்டேன்.

முதல் பாகத்தில் அவருடைய ஆய்வுக்கூடம் வருகிறது. கணினி கணக்குப் போடுகிற சத்தம் வேண்டும். சத்தக்கா கண்ணாடித் தம்ளரின் விளிம்பில் ஈர விரலைத் தேய்த்தார், ஒரு பொம்மைக் காரைப் பிரித்து அதிலிருந்து பீப், பீப் என்று ஒன்றை எடுத்தார், இரண்டையும் கலந்தார். எதிர்காலமே வந்து காதில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. இயக்குநருக்கு வாயெல்லாம் பல்.

பேராசிரியர் அம்மா வந்து கேட்டார். பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றினார்.

"இது என்ன சத்தம்?"

"உங்க கம்ப்யூட்டர்தான் மேடம்" என்றார் இயக்குநர்.

"என் மெஷின் பொறந்ததுலேருந்து ஒரு தடவகூட பீப் அடிச்சதில்ல." குரலை உயர்த்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "என்கூட வேலை செஞ்சவங்க அறுபது பேர் இதக் கேப்பாங்க. நான் சொன்னது எல்லாமே இந்த பீப் மாதிரிதான்னு நினைப்பாங்க. பத்து நாள் தரேன். சரியா வரலன்னா என் குரல எடுத்துடுங்க."

ஒப்பந்தத்தில் அந்த உரிமையை அவர் முதலிலேயே கேட்டு வாங்கியிருந்தார். விவரமான மனுஷி. இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை.

நான் சத்தக்காவின் அறைக்குப் போனேன். அவர் தன் சாமான் பெட்டியை மூடிக் கொக்கி போட்டுவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

"இருபத்து நாலு வருஷத்துல மொத தடவ மாட்டிக்கிட்டேன் தம்பி" என்றார். "அந்தம்மா ஒத்துக்கிற மாதிரி ஒரு சத்தம் பண்ண முடியலன்னா, இனிமே இந்தப் பெட்டியத் திறக்க மாட்டேன். தட்டச்சுக்கே போயிடறேன்."

அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை. அவருடைய கணவர் பேருந்து ஓட்டுநர். ஒருமுறை நிறுத்தத்தில் இவர் ஓடி வருவதைப் பார்த்தும் நிறுத்தாமல் போய்விட்டார். இனி உங்கள் பஸ்ஸில் ஏற மாட்டேன் என்று அன்றைக்குச் சொன்னவர், பதினோரு வருடமாக அடுத்த பஸ்ஸுக்குக் காத்து நின்றுதான் வேலைக்கு வருகிறார். வீட்டில் சிரித்துப் பேசிக்கொள்கிறார்கள், சேர்ந்து சாப்பிடுகிறார்கள். பஸ் மட்டும் கிடையாது.

மறுநாள் சத்தக்கா கிடங்கிலிருந்து கையடக்க ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துத் தூசி தட்டினார். வெளியே போய் நிஜச் சத்தத்தைப் பிடித்து வருவது அவர் வழக்கமே இல்லை. நிஜ மழையை மைக்கில் பிடித்தால் அது எண்ணெய் கொதிக்கிற மாதிரிதான் கேட்கும் என்பார். இருந்தாலும் அன்று கிளம்பினார், நானும் கூடப் போனேன்.

பேராசிரியர் அம்மா முன்பு வேலை பார்த்த ஆய்வுக்கூடம் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. நடுவில் ஓர் இரும்புச் சட்டம். பழுது பார்ப்பதற்காக உறையைக் கழற்றி வைத்திருந்த ஓர் இயந்திரம் அதில் தலைகீழ்ச் சரவிளக்கு மாதிரி பொன்னிறத் தட்டுகளோடு தொங்கியது. பக்கத்தில், வெள்ளை உறைக்குள், வேலையில் இருந்த இன்னொன்று. அறை முழுக்க ஒரே சத்தம்: ஷீக்... ஷீக்... ஷீக்... நொடிக்கு ஒன்று என்று சொல்லலாம், கொஞ்சம் அவசரமாக. கிழடு தட்டிய சைக்கிள் பம்பு மாதிரி இருந்தது.

"இதுதான் கம்ப்யூட்டரா?" என்று சத்தக்கா கேட்டார்.

"இல்ல ஆன்ட்டி, இது குளிரூட்டுற பம்பு" என்றாள் அங்கிருந்த ஆய்வு மாணவி. "கம்ப்யூட்டர் உள்ள இருக்கு. அது சத்தமே போடாது. போட்டா ஏதோ அதிருதுன்னு அர்த்தம். அதிர்ந்தா கணக்கு போச்சு."

சத்தக்கா நம்பவில்லை. மேசைக் காலில் காதை வைத்தார், குழாயில் வைத்தார், சுவரில் வைத்தார். மாணவி முதலில் சிரித்தாள், அப்புறம் அவளும் இன்னொரு குழாயில் காதை வைத்துப் பார்த்தாள். இரண்டு நாள் அங்கேயே கிடந்து, பம்பைத் தவிர வேறொன்றும் இல்லாத பதினான்கு மணி நேரத்தைப் பிடித்துக்கொண்டு வந்தோம்.

பீப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பம்பைப் போட்டார். எங்கள் நிலையத்தில் ஒரு வழக்கம் உண்டு. எதையும் வெளியே அனுப்புமுன் கேன்டீன் அக்காவும் வாசல் காவலாளி அண்ணனும் லிப்ட் ஆபரேட்டரும் உட்கார்ந்து கேட்க வேண்டும். மூன்று பேரும் கேட்டார்கள்.

"தண்ணி மோட்டார் ரிப்பேரா?" என்றார் காவலாளி.

"யாரோ இருமுறாங்க பாவம்" என்றார் லிப்ட் ஆபரேட்டர்.

"அதெல்லாம் இருக்கட்டும், கம்ப்யூட்டர் சத்தம் எப்ப வரும்?" என்றார் கேன்டீன் அக்கா.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. இதுதான் நிஜம், விஷயம் தெரியாமல் பேசாதீர்கள் என்று கத்திவிட்டேன். அதன் பலன், ஒரு வாரம் என் டீயில் சர்க்கரை இல்லை. சத்தக்கா கோபப்படவில்லை. "பொய் சொன்னா அந்தம்மா எந்திரிச்சுப் போறாங்க, நிஜத்தச் சொன்னா இவங்க சிரிக்கிறாங்க" என்று மட்டும் சொன்னார். பம்போடு லேசாக ஒரே ஒரு பீப் சேர்த்துப் பார்க்கலாமே என்று நான் யோசனை சொன்னேன். அவர் என்னை முறைத்துப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். ஐந்து நாள்தான் பாக்கி. கணவர் எனக்கு உட்கார நாற்காலி தேடினார். ஒரு நாற்காலிக்கு மூன்று கால், இன்னொன்று கிறீச்சென்று கத்தியது. "எதையும் தூக்கிப்போட விடமாட்டா சார். இது பேய்க் கதைக்கு வேணுமாம், அது நீதிமன்றக் காட்சிக்கு வேணுமாம். மனுஷன் எங்க உக்கார்றது?" என்று என்னைக் கட்டிலில் உட்காரவைத்தார். நான் எங்கள் கஷ்டத்தைச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கையை விரித்தார்.

"முப்பது வருஷமா எஞ்சின் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன். அது எப்படிச் சத்தம் போடும்னு இப்ப கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது. காதுலயே விழாது சார். நின்னுச்சுன்னா மட்டும், தூக்கத்துல இருக்கிற பயணிகூட முழிச்சுக்குவான்."

சத்தக்கா டீ ஊற்றிக்கொண்டிருந்தார். கை அப்படியே நின்றது. கணவரை முதல் முறையாகப் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார்.

திங்கட்கிழமை காலை அவர் கணவரின் பஸ்ஸிலிருந்து இறங்கியதைக் காவலாளி பார்த்துவிட்டு, நிலையம் முழுக்கச் சொல்லிவிட்டார். நான் கேட்டதற்கு, "எஞ்சின் பக்கத்துல உக்காந்து கேக்கணும்னு ஏறினேன். சமாதானமெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு பேராசிரியர் அம்மாவின் ஒன்பது மணி நேரப் பதிவையும், ஒரு நிமிடம்கூட வெட்டாமல், வேண்டும் என்றார். கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாள் மதியம் என்னைக் கூப்பிட்டு ஓரிடத்தைப் போட்டுக் காட்டினார்.

பேராசிரியர் அம்மா ஏதோ சொல்லிக்கொண்டே வந்து, நடுவில் சொன்ன விஷயம் அது. "அன்னைக்கு மதியம் லேப்லயே சாப்பிட்டுட்டு இருந்தோம். யாரோ ஜோக் சொல்லிட்டு இருந்தாங்க. திடீர்னு எல்லாரும் பேச்ச நிறுத்திட்டோம். ஏன்னு யாருக்கும் தெரியல. ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கறோம். அப்புறம்தான் புரிஞ்சுது, பம்பு நின்னுடுச்சு. பம்ப ஆறவைக்கிற தண்ணிக் குழாய் எங்கேயோ உடைஞ்சிருக்கு. பெட்டி சூடாக ஆரம்பிச்சா பிட்டெல்லாம் குணம் மாறிடும். அஞ்சு மாச வேலை. டப்பாவ அப்படியே வச்சுட்டு ஓடினேன்."

"இத ஏன் தம்பி வெட்டின?" என்றார் சத்தக்கா.

"வரலாற்றுல ஒரு தண்ணிக் குழாய்க்கு என்னக்கா இடம்?"

"நீ எழுதின நாப்பது பக்கத்துல எனக்கு ஒண்ணுமே காதுல விழல. விழுந்தது இது ஒண்ணுதான். இதத்தான் வெட்டியிருக்க."

எனக்கு மூக்கறுபட்ட மாதிரி ஆனது. வலித்தது, ஏனென்றால் அவர் சொன்னது சரி. அறிஞர்கள், ஆண்டுகள், நிரூபணங்கள் எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கிவிட்டு, சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு ஓடிய பெண்ணை நான் குப்பையில் போட்டிருந்தேன். அன்றே அந்த இடத்தை மறுபடி சேர்த்து, அதற்குப் பக்கத்தில் நான் எழுதியிருந்த நான்கு பக்கத்தை எடுத்துவிட்டேன்.

சத்தக்கா பம்பைத் தொடரின் முதல் நொடியிலேயே போட்டார். முதல் சொல்லுக்கு முன்னாலேயே அது ஆரம்பித்தது.

"எண்பத்தொண்ணுல பம்பு ஏதுக்கா? அது ஏதோ கூட்டம் நடந்த மண்டபம்" என்று நான் இழுத்தேன்.

"கதைக்குள்ள அந்தம்மா எங்க உக்காந்திருக்காங்க? லேப்ல. அப்ப கேக்குறவங்களும் அங்கதான் உக்காந்திருக்காங்க."

மீதி இருந்த மூன்று நாளும் சத்தக்கா அந்தச் சத்தத்தின் அளவை மட்டும்தான் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். கேன்டீன் அக்காவைக் கூட்டி வந்து ஐந்து நிமிடம் கேட்கவைப்பார். "ஏதாவது சத்தம் கேக்குதா?" என்பார். "ஷீக் ஷீக்குனு ஏதோ" என்று பதில் வந்தால் ஒரு முடி அளவு குறைப்பார். மறுபடி கூப்பிடுவார். எட்டாவது முறையோ ஒன்பதாவது முறையோ கேன்டீன் அக்கா, "ஒண்ணும் கேக்கல. அந்தம்மா சொல்றது நல்லா இருக்கு, மேல போடு" என்றார். சத்தக்கா ஒலிக் குமிழில் அந்த அளவுக்குப் பக்கத்தில் ஒரு காகிதத்தை ஒட்டிவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று எழுதினார். அன்றைக்கு என் டீயிலும் சர்க்கரை வந்தது.

பத்தாம் நாள் பேராசிரியர் அம்மா வந்தார். கைப்பையை மடியில் வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடினார். இயக்குநர் நகத்தைக் கடித்தார். நான் இயக்குநரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பேராசிரியரைப் பார்க்கத் தைரியம் இல்லை. சத்தக்கா மட்டும் சுவரோரம் நின்று அவரையே பார்த்தார். எதையாவது ஆட்டிக்கொண்டே இருக்கிற அந்தக் கைகள் அன்று வெறுமனே தொங்கின. எனக்கு அவரைப் பற்றித்தான் கவலை. தொடர் போனால் இன்னொரு தொடர் வரும். இவர் அந்தப் பெட்டியைத் திறக்காத ஒரு நிலையத்தில் எனக்கு வேலை செய்ய மனசில்லை.

பத்து நிமிடம் போனது. பதினைந்தை மூன்றும் ஐந்துமாகப் பிரித்த இடத்தில் அவர் புன்னகைத்தார். இருபது நிமிடம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இருபத்தாறாவது நிமிடத்தில், நடிகர்கள் பேசிய அந்தச் சாப்பாட்டுக் காட்சியில், ஜோக் சொல்கிறவரின் வாக்கியத்துக்கு நடுவில், சத்தக்கா பம்பை நிறுத்தியிருந்தார். அதன் பிறகு ஏழு நொடிக்கு எதுவுமே கிடையாது.

பேராசிரியர் அம்மா எழுந்துவிட்டார். கைப்பை கீழே விழுந்தது, ஹெட்போன் வயர் இழுபட்டுத் தலையிலிருந்து கழன்றது, அவர் அதைக் கவனிக்கவே இல்லை. மூன்று எட்டில் வாசலுக்குப் போய்க் கதவுக் கைப்பிடியைப் பிடித்துத் திறந்தும் விட்டார். வெளியே எங்கள் நடைபாதை. காவலாளி அண்ணன் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவர் தலைநிமிர்ந்து, "என்னங்கம்மா, ஏதாவது வேணுமா?" என்று கேட்டார்.

பேராசிரியர் அம்மா அங்கேயே நின்றார். மெதுவாகத் திரும்பினார். அறுபத்தேழு வயது முகத்தில் அப்படி ஒரு வெட்கச் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"தண்ணி லைன் போச்சுன்னு நினைச்சேன்" என்றார். "ஓடிட்டேன் பாருங்க."

அவர் நேராகச் சுவரோரம் போனார்.

"நீங்க எந்த லேப்ல எத்தன வருஷம் வேலை பாத்தீங்க?"

"உங்க லேப்லதாம்மா" என்றார் சத்தக்கா. "ரெண்டு நாள்."

பேராசிரியர் அம்மா அவருடைய இரண்டு கைகளையும் எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். விடவே இல்லை. அப்படியே நாற்காலி வரை கூட்டிக்கொண்டு வந்து, தானும் உட்கார்ந்து, பக்கத்தில் அவரையும் உட்காரவைத்தார்.

"மீதியப் போடுங்க" என்றார். "மெஷின் பொழைச்சுதான்னு தெரியணும்."